ஐந்தெழுத்து, கடைசியில் ‘ம்’: தமிழ்ச் சொல் புதிர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பனிலிருந்து சாயல்குடி வரை பள்ளியிலும் நூலகத்திலும் சொல் போட்டி வைப்பவர்கள், அதில் விளையாடுபவர்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். ‘இத்தனை எழுத்து, இந்த இடத்தில் இந்த எழுத்து’ என்று கேட்கும் எல்லாப் புதிருக்கும் இவை பொருந்தும். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நம் கரைச் சொற்கள். கடலும் காற்றும் மீனும் தெரிந்த பிள்ளைக்கு ஆப்பிளையும் ஒட்டகச்சிவிங்கியையும் வைத்துப் புதிர் போட வேண்டியதில்லை.

“புள்ளி வச்ச எழுத்தையும் தனியா எண்ணணுமா?”

ஆமாம். உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எதுவானாலும் ஒன்று ஒன்றுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். பாம்பன் என்பது பா, ம், ப, ன் என்று நான்கு. தொண்டி மூன்று. மண்டபம் ஐந்து. கால், கொம்பு, சுழி எல்லாம் எழுத்தின் உறுப்புகள், தனி எழுத்துகள் அல்ல. ‘தொ’ எழுதும்போது மூன்று வடிவங்கள் கண்ணில் பட்டாலும் அது ஓர் எழுத்தே.

பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் புள்ளி எழுத்தில்தான். வாயால் சொல்லி எண்ணினால் ‘பாம்’ ஒன்று, ‘பன்’ ஒன்று என்று இரண்டாகிவிடும். எழுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவே கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள்.

“மாத்திரை, அசை எல்லாம் பாக்கணுமா?”

வேண்டாம். அவை செய்யுளுக்கு உரியவை. கட்டப் புதிரில் எழுத்துக் கணக்கு மட்டும்தான்.

“ராமேஸ்வரம்னு போட்டா ஆறு, இராமேஸ்வரம்னு போட்டா ஏழு. எது சரி?”

இரண்டும் வழக்கில் உள்ளவை. ர, ல இரண்டும் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் முன்னால் ஓர் உயிரைச் சேர்த்து எழுதுவது பழைய முறை. இலங்கையை எல்லோரும் ‘இ’ போட்டே எழுதுகிறோம். ராமேஸ்வரத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் இரண்டு எழுத்துமுறையும் ஓடுகிறது. ராமநாதபுரம் 7, இராமநாதபுரம் 8.

புதிர் போடுபவர் ஒன்றை முடிவு செய்து, குறிப்பில் எழுத்து எண்ணிக்கையைக் கட்டாயம் எழுத வேண்டும். ‘கடல் சூழ்ந்த கோயில் ஊர் (7)’ என்று இருந்தால் ‘இ’ வேண்டும் என்று விளையாடுபவருக்குத் தெரிந்துவிடும். எண்ணிக்கை எழுதாமல் விட்டால் சண்டைதான் மிஞ்சும்.

“ஸ, ஷ, ஜ வந்தா என்ன பண்றது? ஸ்ரீ ஒரு எழுத்தா, ரெண்டா?”

கிரந்த எழுத்துகளையும் மற்ற எழுத்துகளைப் போலவே எண்ணுங்கள். தனுஷ்கோடி என்பது த, னு, ஷ், கோ, டி: ஐந்து. ‘ஸ்ரீ’ ஒரே வடிவமாக எழுதப்படுவதால் ஒரு கட்டம். ‘க்ஷ’வும் அப்படியே. ஆனால் ‘க்ஷ’ வரும் சொல்லைத் தவிர்ப்பது நல்லது. ‘பட்சி’ என்று எழுத முடிந்தால் மூன்று எழுத்தோடு தகராறு முடியும்.

“ஒரே எழுத்துல சொல் இருக்கா? அதிகபட்சம் எத்தனை எழுத்து வரைக்கும் போகலாம்?”

ஓரெழுத்துச் சொற்கள் 42 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. அவற்றில் நெடில் 40, குறில் இரண்டு: நொ, து. தீ, பூ, கை, மை, வா, போ போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. குறுக்கே இன்னொரு சொல் ஓட இடமில்லாததால் கட்டப் புதிருக்கு இவை உதவாது. வாய்மொழிப் போட்டிக்கு அருமையானவை.

நீளத்துக்கும் அதே நூல் வரம்பு சொல்கிறது: பிரிக்க முடியாத சொல் 7 எழுத்து வரை, பிரித்துப் பொருள் காணக்கூடிய சொல் 9 எழுத்து வரை. ஊர்ப்பெயர்களில் பல, சொற்கள் சேர்ந்து உண்டானவை என்பதால் எளிதில் நீளும். தங்கச்சிமடம் 8, பெரியபட்டினம் 8. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று முதல் ஐந்து வரை போதும்.

“அஞ்செழுத்து, கடைசி எழுத்து ‘ம்’. இதை மட்டும் வச்சு எப்படித் தேடுறது?”

இது நல்ல குறிப்பு, ஏனென்றால் ‘ம்’ தனியாக வருவதில்லை. தமிழ்ப் பெயர்ச்சொற்களில் ‘ம்’மில் முடிபவை பெரும்பாலும் ‘அம்’ என்றே முடியும். ஆகவே நான்காவது கட்டத்தில் அகர எழுத்து (க, ட, த, ப, ர, ள போல) என்று முதலிலேயே பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். ஐந்து கட்டத்தில் ஒன்று தெரியும், இன்னொன்று பாதி தெரியும்.

அடுத்து இரண்டாவது கட்டத்தைப் பாருங்கள். இந்த வகைச் சொற்களில் அங்கே அடிக்கடி புள்ளி எழுத்து உட்காரும். ‘ங்’ என்றால் நங்கூரம். ‘ஞ்’ என்றால் வஞ்சிரம். ‘ண்’ என்றால் மண்டபம். ‘ப்’ என்றால் உப்பளம். ‘ய்’ என்றால் பாய்மரம். ‘ர்’ என்றால் தீர்த்தம். இராமேஸ்வரம் கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள் இருப்பதால் இந்தச் சொல்லுக்குக் குறிப்பு எழுதுவதும் எளிது. புள்ளியே இல்லை என்றால் புதுமடம் போல இரண்டு சிறு சொற்கள் சேர்ந்ததாக இருக்கலாம். கடைசி மூன்று கட்டத்தில் ‘மடம்’, ‘மரம்’, ‘புரம்’ பொருந்துகிறதா என்று போட்டுப் பாருங்கள்.

தேடும் வரிசை இதுதான்: முதலில் கடைசி எழுத்து, பிறகு அதற்கு முந்தியது, பிறகு நடுவில் உள்ள புள்ளி, கடைசியாக முதல் எழுத்து. பலர் முதல் எழுத்திலிருந்து தொடங்கி ‘க, கா, கி, கீ’ என்று ஓட்டிக்கொண்டே நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

“நடுவுல ஒரு புள்ளி எழுத்து கிடைச்சிருச்சு. அதுக்கு அடுத்த கட்டத்துல என்ன வரும்?”

தமிழ்ப் புதிரில் இதைவிடப் பெரிய உதவி கிடையாது. எந்த மெய்க்குப் பின் எது வரும் என்பதை மொழியே வகுத்து வைத்திருக்கிறது.

க், ச், த், ப் இந்த நான்குக்கும் பின்னால் அதே எழுத்துதான்: சுக்கான், கச்சான், வத்தை, சிப்பி. ட், ற் இரண்டும் தங்களோடும் சேரும், க, ச, ப மூன்றோடும் சேரும்: கட்டுமரம், வெட்கம், கட்சி, நட்பு, காற்று, கடற்கரை, பயிற்சி, கடற்பசு. ‘ங்’குக்குப் பின் ‘க’ வரிசை என்றே வைத்துக்கொள்ளலாம்: சங்கு, நுங்கு. ‘ஞ்’சுக்குப் பின் ச அல்லது ஞ. ‘ந்’துக்குப் பின் த, அரிதாக ந, வெந்நீர் போல. ‘ம்’முக்குப் பின் ப அல்லது ம. ண், ன் இரண்டும் கொஞ்சம் தாராளம்: நண்டு, கண்ணி, வெண்மை, கன்று, அன்னம், அன்பு. ய், ர், ல், ழ், ள் வந்தால் வாய்ப்புகள் நிறைய, அங்கே அவசரப்படாதீர்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: ர், ழ் இரண்டும் இரட்டிக்கா.

இரண்டு புள்ளி எழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது ய், ர், ழ் மூன்றில் ஒன்று. தீர்த்தம், வாழ்த்து, காய்ச்சல் பாருங்கள். ‘பக்தி’, ‘சப்தம்’ போன்ற வடசொற்களும் ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்களும் இந்த வரம்புகளை மீறும். அப்படிப்பட்ட சொல்லைப் போட்டால் குறிப்பில் ‘பிறமொழிச் சொல்’ என்று எழுதிவிடுவது நேர்மை.

இதே கணக்கில் கடைசிக் கட்டத்தையும் பிடிக்கலாம். மூன்றெழுத்துச் சொல்லில் நடுவே வல்லின மெய்யோ ‘ங், ண், ந்’ போன்ற மெல்லின மெய்யோ இருந்தால், முடிவில் கு, சு, டு, து, பு, று வருகிறதா என்று முதலில் பாருங்கள்: சங்கு, நண்டு, முத்து, உப்பு, முண்டு. கடைசியாகச் சொன்னது நம் குண்டு மிளகாய். 2023-ல் ‘ராமநாதபுரம் முண்டு மிளகாய்’ என்று புவிசார் குறியீடு பெற்றது.

“முதல் கட்டத்துல ‘ட’ வருது. ஏதாவது சொல் இருக்கா?”

தமிழ்ச் சொல் கிடையாது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகள் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. புள்ளி எழுத்தும் வராது. ‘வ’ வரிசையிலும் வு, வூ, வொ, வோ தொடங்காது. இப்படி ஒரு கட்டம் அமைந்தால் குறுக்கே உள்ள விடையைத் தவறாக எழுதியிருக்கிறீர்கள், அல்லது டீ, டயர், லாரி மாதிரி ஒரு வந்த சொல்லைக் கேட்கிறார்கள்.

முடிவுக்கும் வரம்பு உண்டு. க், ச், ட், த், ப், ற் ஆறும் தமிழ்ச் சொல்லின் கடைசியில் நிற்காது. கடைசிக் கட்டத்தில் ‘க்’ வந்தால், அடுத்த சொல்லோடு சேரும்போது மிகும் ஒற்றை இந்தச் சொல்லோடு சேர்த்து எழுதிவிட்டார்கள் என்று பொருள்.

“கடல் மூணு, ஆமை ரெண்டு. கடலாமை எப்படி நாலு ஆகும்?”

‘கடல்’ என்பதன் கடைசி ‘ல்’லும் ‘ஆமை’யின் முதல் ‘ஆ’வும் சேர்ந்து ‘லா’ என்று ஓரெழுத்தாகிறது. க, ட, லா, மை. மெய்யில் முடியும் சொல்லோடு உயிரில் தொடங்கும் சொல் சேர்ந்தால் ஓர் எழுத்து குறையும். கடலட்டையும் இப்படித்தான்: மூன்றும் மூன்றும் சேர்ந்து ஐந்து.

கூடுவதும் உண்டு. சேது (2), கரை (2) சேர்ந்தால் நடுவே ‘க்’ மிகுந்து சேதுக்கரை (5). பனை (2), கிழங்கு (4) சேர்ந்தால் பனங்கிழங்கு (7). ‘னை’ என்பது ‘ன’ ஆகி, ‘ங்’ புதிதாக வந்திருக்கிறது. எண்ணிக்கை மாறாமல் எழுத்து மட்டும் மாறுவது இன்னொரு வகை. கடல்பசு, கடற்பசு இரண்டும் ஐந்துதான். ஆனால் மூன்றாவது கட்டத்தில் ஒன்றில் ‘ல்’, மற்றதில் ‘ற்’. அந்தக் கட்டத்தின் வழியே இன்னொரு சொல் போனால் விளையாடுபவர் மாட்டிக்கொள்வார். அதே விலங்குக்குக் கரையில் உள்ள ‘ஆவுளியா’ (4) என்ற பெயரைக் கேட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

“மீன் பேரு ஊருக்கு ஊரு மாறுதே. எதைப் போடுறது?”

உங்கள் கரையில் சொல்வதைப் போடுங்கள். ஆனால் குறிப்பில் அந்த மீனை அடையாளம் காட்டுங்கள். சென்னையில் வஞ்சிரம் (5) என்பதைத் தெற்கே சீலா (2) என்கிறார்கள், இன்னும் தெற்கே நெய்மீன் (4). சென்னைச் சந்தையில் ஷீலா என்று கேட்டால் கைக்கு வருவது ஊளி (2). அதனால் ‘ஒரு மீன் (2)’ என்ற குறிப்பு குறிப்பே அல்ல. சாளை, சூடை, பாறை, ஓரா, சுறா எல்லாமே இரண்டெழுத்துதான். ‘நீண்ட உடல், துருத்திய கீழ்த்தாடை, கூர்ப்பல் (2)’ என்றால் ஊளி தவிர வேறு வராது.

காற்றுப் பெயர்கள் இவ்வளவு குழப்பாது. புதிருக்கு நல்ல சரக்கு. வடக்கிலிருந்து வாடை (2), கிழக்கிலிருந்து கொண்டல் (4), மேற்கிலிருந்து கச்சான் (4).

“ள வா, ழ வா, ல வா? பேச்சுல எல்லாம் ஒண்ணாத்தானே இருக்கு?”

பேச்சில் கீளக்கரை என்று சொல்வது இயல்பு. கட்டத்தில் கீழக்கரை என்றே எழுத வேண்டும். நண்டு குடியிருப்பது வளை, நண்டைப் பிடிப்பது வலை. மீன் வாளை, மரம் வாழை. இவற்றுக்கு எண்ணிக்கை ஒன்றே என்பதால் தவறு கண்ணில் படாமல் தப்பிவிடும்.

இரண்டு எழுத்துமுறையும் வழங்கும் சொற்கள் உண்டு: பவளம், பவழம், தென்காற்றைக் குறிக்கும் சோழகம், சோளகம், இறால், இரால். இப்படிப்பட்ட சொல்லைப் போடும்போது, ஐயத்துக்குரிய அந்த எழுத்து எந்தக் குறுக்குச் சொல்லிலும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வியில் உள்ள கட்டத்தில் ‘பவளம்’ அப்படித்தான் நிற்கிறது.

“சின்னதா ஒரு குறுக்கெழுத்துக் கட்டம் எப்படிப் போடுறது? எங்கயோ ஒரு இடத்துல முட்டி நின்னுடுது.”

முட்டுவது பெரும்பாலும் புள்ளி எழுத்தில். முன்னே சொன்னபடி எந்தச் சொல்லும் புள்ளியில் தொடங்காது; ஆகவே புள்ளிக் கட்டத்திலிருந்து கீழே புதுச் சொல் தொடங்க முடியாது. அந்தக் கட்டம் இரண்டு சொல்லுக்கும் நடுவிலோ முடிவிலோ இருக்க வேண்டும்.

ஐந்துக்கு ஐந்து, 25 கட்டத்தில் செய்து பாருங்கள். இரண்டாம் வரிசையில் இடமிருந்து வலமாக ம, ண், ட, ப, ம் என்று எழுதுங்கள். இரண்டாவது கட்டம் ‘ண்’. ‘தொண்டி’யிலும் ‘ண்’ இரண்டாவது எழுத்து. ‘தொ’வை முதல் வரிசையிலும் ‘டி’யை மூன்றாம் வரிசையிலும் எழுதினால் மேலிருந்து கீழாகத் தொண்டி அமைந்துவிடும். ‘ட’வில் எதுவும் தொடங்காது, விட்டுவிடுங்கள். நான்காவது கட்டம் ‘ப’. அதிலிருந்து கீழே வ, ள, ம் எழுதினால் பவளம். அந்த ‘ம்’ ஐந்தாம் வரிசையின் நான்காவது கட்டத்தில் நிற்கும். அங்கே முடியும்படி இடமிருந்து வ, ள், ள, ம் எழுதுங்கள்: வள்ளம். நான்கு சொற்கள், 13 கட்டம் நிரம்பும், மீதி 12 கறுப்பு.

பெரிய கட்டத்துக்கும் இதே முறைதான். நீளமான சொல்லை முதலில் வையுங்கள். ‘ம்’, ‘ன்’, ‘ல்’ போன்ற முடிவுகளை வலது ஓரத்துக்கும் அடி வரிசைக்கும் தள்ளுங்கள். குறுக்கே வெட்டும் இடங்களுக்கு க, ச, த, ப, ம, வ வரிசை எழுத்துகளைத் தேர்ந்தால் அங்கிருந்து அடுத்த சொல் எளிதாகக் கிளம்பும்.

“கணினியில எண்ணிப் பாத்தா மண்டபத்துக்கு ஏழுன்னு காட்டுதே?”

ஒருங்குறியில் புள்ளியும் கால், கொம்பு, சுழி போன்ற குறிகளும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேமிக்கப்படுகின்றன. மண்டபம் என்பதில் ஐந்து எழுத்தும் இரண்டு புள்ளியும் சேர்ந்து ஏழு. எக்செல் விரிதாளில் எழுத்து எண்ணும் ‘லென்’ வாய்பாடு இந்தக் குறியீடுகளைத்தான் எண்ணுகிறது. ஆங்கிலச் சொற்களுக்காகச் செய்த ‘இத்தனை எழுத்துச் சொல்’ தேடும் கருவிகளும் தமிழில் இதனால்தான் தவறுகின்றன.

சரிசெய்ய: சொற்பட்டியலின் ஒரு நகலில் 11 உயிர்க்குறிகளையும் புள்ளியையும், ஆக 12 குறிகளையும், ‘தேடி மாற்று’ வசதியால் வெற்றிடமாக்குங்கள். மிஞ்சுவதை எண்ணினால் சரியான எழுத்துக் கணக்கு வரும். நங்கூரம் எட்டுக் குறியீடு; மூன்று குறி போனால் ஐந்து. ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டும் இந்த வழியில் இரண்டிரண்டாக வரும், கையால் திருத்த வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியலை முதலில் ஒருங்குறிக்கு மாற்றிவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

“ஔவையார் நாலா, அஞ்சா?”

நான்கு: ஔ, வை, யா, ர். ஐந்து என்று வந்தால் ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வையும் ‘ள’வையும் பக்கத்துப் பக்கத்தில் தட்டியிருக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். கணினித் தேடலில் அகப்படாது. ‘கௌ’, ‘மௌ’ வரும் சொற்களிலும் இதைச் சோதியுங்கள்.

“வேர்டில் மாதிரி தமிழ்ல வச்சா யாராலயும் கண்டுபிடிக்க முடியல. ஏன்?”

அது ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சியில் கண்டுபிடிக்கும் விளையாட்டு. எழுத்து இடத்தோடு பொருந்தினால் கட்டம் பச்சை, விடையில் இல்லாத எழுத்து என்றால் சாம்பல். அங்கே 26 எழுத்து, இங்கே 247. ஒரு முயற்சியில் எழுத்து அச்சாகப் பொருந்தும் வாய்ப்பு மிகக் குறைவு, கட்டமெல்லாம் சாம்பலாகவே நிற்கும். பிள்ளைகள் இரண்டு ஆட்டத்தில் சலித்துப்போவார்கள்.

அதற்கு ஒரு நிறம் கூடுதலாக வையுங்கள்: மெய் அதே, உயிர் வேறு என்றால் நீலம். விடை ‘சுக்கான்’ என்று வையுங்கள். ஒருவர் ‘கச்சான்’ என்கிறார். பழைய முறையில் கடைசி ‘ன்’ மட்டும் பச்சை, மற்ற மூன்றும் சாம்பல். புதிய முறையில் ‘க’வுக்கு நீலம், ‘ச்’சுக்கு நீலம், விடையில் ‘ச’ வரிசை எழுத்து ஒன்றே இருப்பதால் ‘சா’வுக்குச் சாம்பல். க, ச இரண்டு வரிசையும் உள்ளே இருப்பது தெரிந்துவிட்டது, அடுத்த முயற்சியில் பிடித்துவிடலாம். நீளம் நான்கு, முயற்சி எட்டு என்று வைத்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அளவாக இருக்கும்.

“ஒரு குறிப்புக்கு ரெண்டு பேரு ரெண்டு விடை எழுதிட்டாங்க. ரெண்டும் பொருந்துது. மார்க் யாருக்கு?”

இருவருக்கும் முழு மதிப்பெண். பிழை குறிப்பு எழுதியவருடையது. ‘மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒன்று (3)’ என்று கேட்டால் மனோலி, முயல், முல்லி மூன்றும் சரி. நடுக் கட்டத்தில் குறுக்குச் சொல் ஒன்று வெட்டினால் னோ, ய, ல் மூன்றில் எது என்று தெரிந்து ஒரே விடை நிற்கும். வெட்டும் சொல் இல்லாத போட்டியில் அந்த நடு எழுத்தைக் குறிப்பிலேயே கொடுத்துவிடுங்கள்.

விடைத்தாள் தயாரிக்கும்போதே மாற்று எழுத்துமுறைகளையும் ஊர் வழக்குகளையும் விடைக்குப் பக்கத்தில் எழுதி, நடுவர் எல்லோருக்கும் ஒரே பிரதியைக் கொடுங்கள். அதில் இல்லாத விடை வந்தால் மூன்றைப் பார்க்க வேண்டும்: எண்ணிக்கை சரியா, குறுக்கெழுத்து பொருந்துகிறதா, குறிப்பின் பொருள் நிறைவேறுகிறதா. மூன்றும் சரியென்றால் மதிப்பெண் கொடுத்துவிட்டு, அந்தச் சொல்லை அடுத்த போட்டிக்கான பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.